பழைய புதிர் விளையாட்டு சிடிகளை விண்டோஸ் 11-இல் ஓட்ட முடியுமா?

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் பெரிய வீட்டு மாடி அறையை ஒழித்தபோது, சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிவந்த விளையாட்டு சிடிகள் கிடைத்தன. மிஸ்ட், ரிவன் (5 சிடி), தி செவன்த் கெஸ்ட் (2 சிடி), மங்கி ஐலண்ட், லூம், சைபீரியா. என்னிடம் இருப்பது விண்டோஸ் 11 லேப்டாப். நண்பனிடம் யுஎஸ்பி டிவிடி டிரைவ் கடன் வாங்கி செட்டப்பைத் தட்டினால், ‘இந்தக் கணினியில் இது இயங்காது’ என்கிறது. கம்பாட்டிபிலிட்டி மோடில் விண்டோஸ் 95 என்று வைத்தும் பலனில்லை. டாஸ்பாக்ஸ் போட்டுப் பார்த்தேன், கருப்புத் திரையோடு நிற்கிறது. சித்தப்பா தீபாவளிக்கு வருகிறார். அதற்குள் ஒன்றாவது ஓட வேண்டும். வழி இருக்கிறதா அண்ணே?

பதில்:

இருக்கிறது தம்பி. ஆறில் ஐந்து ஒரே சாயங்காலத்தில் ஓடிவிடும். சைபீரியாவுக்கு மட்டும் வேறு வழி, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் செட்டப்பைத் தட்டுவதை நிறுத்துங்கள். 1990-களின் நடுப்பகுதி வரை வந்த விளையாட்டுகள் பெரும்பாலும் 16 பிட் நிரல்கள். அதற்குப் பிறகு வந்த சிலவற்றில் விளையாட்டு 32 பிட்டாக இருந்தாலும் செட்டப் மட்டும் பழைய 16 பிட்டாகவே இருக்கும். 32 பிட் விண்டோஸுக்குள் இவற்றை ஓட்டவென்றே ஓர் அடுக்கு இருந்தது. 64 பிட் விண்டோஸில் அந்த அடுக்கு கிடையாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். கம்பாட்டிபிலிட்டி மோடு செய்வதெல்லாம், ‘நான் விண்டோஸ் 95’ என்று பழைய நிரலிடம் பொய் சொல்வதும், பழைய விண்டோஸின் சில பழக்கங்களை நடித்துக் காட்டுவதும்தான். இல்லாத அடுக்கை அது கொண்டுவந்து வைக்காது. இரவு முழுக்க மோடு மாற்றிக்கொண்டு உட்கார்ந்தாலும் அதே செய்திதான் வரும்.

உங்களுக்கு அந்த செட்டப் தேவையே இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒரு புதிர் விளையாட்டு சிடியில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று, படம், ஒலி, வசனம், எந்தக் கதவு எந்தச் சாவிக்குத் திறக்கும் என்ற கணக்கு. இவை தரவுக் கோப்புகள். இன்னொன்று, அந்தக் கோப்புகளைப் படித்துத் திரையில் காட்டும் என்ஜின். கெட்டுப்போனது என்ஜின் மட்டும்தான். தரவு நேற்றைக்குச் செய்ததுபோல அப்படியே இருக்கிறது. ஆகவே என்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே கோப்புகளைப் படிக்கத் தெரிந்த புது என்ஜின் ஒன்றை வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

அந்தப் புது என்ஜினின் பெயர் ஸ்கம்விஎம். இலவசம், மூல நிரலோடு யாருக்கும் திறந்தது, 2001-இலிருந்து தன்னார்வலர்கள் வளர்த்து வருவது. பெயர் வந்த கதை இது: லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் 1987-இல் மேனியாக் மேன்ஷன் என்ற விளையாட்டைச் செய்தபோது, ஒவ்வொரு புதிரையும் இயந்திர மொழியில் எழுதித் தீராது என்று தனியாக ஒரு எழுத்து மொழியையும் அதை ஓட்டும் என்ஜினையும் உண்டாக்கினார்கள். அதன் பெயர்தான் ஸ்கம். பிறகு அவர்கள் செய்த லூம், மங்கி ஐலண்ட், இண்டியானா ஜோன்ஸ், டே ஆஃப் தி டென்டகிள் எல்லாம் அதே என்ஜினில் வந்தவை. ஒரு என்ஜினைத் திரும்ப எழுதினால் பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகள் ஒரே அடியில் உயிர் பெறும் என்பதைக் கண்டு இருவர் தொடங்கிய வேலை, பிறகு சியர்ரா நிறுவனத்தின் என்ஜின்கள், மிஸ்ட்டும் ரிவனும் ஓடும் என்ஜின், செவன்த் கெஸ்ட்டின் என்ஜின் என்று நூற்றுக்கணக்கான விளையாட்டுகளுக்கு விரிந்துவிட்டது.

டாஸ்பாக்ஸ் வேறு சாதி. அது விளையாட்டைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்வதில்லை. பழைய கணினியையே, பிராசஸர், சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் எல்லாவற்றோடும், உங்கள் லேப்டாப்புக்குள் கற்பனையாகக் கட்டி எழுப்புகிறது. நம் ஊர்ப் பக்கம் இடிக்கிற வீடுகளிலிருந்து பர்மாத் தேக்கு நிலைக்கதவை வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சென்னை ஃபிளாட்டில் அந்தக் கதவு நுழையாது. கதவுக்காக ஒரு பழைய சுவரையே எழுப்பி மாட்டினால் அது டாஸ்பாக்ஸ். கதவின் சித்திர வேலைப்பாட்டை மட்டும் கழற்றிப் புது நிலையில் பொருத்தினால் அது ஸ்கம்விஎம். எது முடியுமோ அதைச் செய்ய வேண்டும். ஆனால் இரண்டும் முடியும் என்றால் நான் ஸ்கம்விஎம் பக்கம்தான். அமைப்புத் தொல்லை குறைவு, ஒலி ஒழுங்காக வரும், எந்த இடத்திலும் சேமிக்கலாம்.

சிடிக்குக் கைவைக்கும் முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்கம்விஎம் தளத்திலேயே சில விளையாட்டுகளை உரிமையாளர்கள் அனுமதியோடு இலவசமாகத் தருகிறார்கள். ரெவல்யூஷன் நிறுவனம் 1994-இல் வெளியிட்ட பினீத் எ ஸ்டீல் ஸ்கை அதில் ஒன்று, 2003-இலிருந்து இலவசம். அதை இறக்கி, ஒரு ஃபோல்டரில் விரித்து, ஸ்கம்விஎம்மில் ‘விளையாட்டைச் சேர்’ பொத்தானை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். ஓடினால் உங்கள் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம். இனி எது ஓடாவிட்டாலும் கோளாறு சிடியில் அல்லது நகலெடுத்த விதத்தில். இந்த ஒரு சோதனை பாதித் தலைவலியைக் குறைக்கும். விளையாட்டும் நல்ல விளையாட்டு. சோதனைக்கென்று தொடங்கியவர்கள் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள்.

இப்போது சிடிகள். மாடி அறை என்றீர்கள். சித்திரை வைகாசியில் நம் மாடி அறைகள் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். கடையில் அச்சிட்டு வந்த சிடிகள் அதைப் பெரும்பாலும் தாங்கியிருக்கும். கணினியில் எரித்த நகல் சிடிகள் தாங்குவது சந்தேகம், அவற்றின் சாயம் வெளிறிப்போகும். பலரும் பளபளப்பான பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பார்க்கிறார்கள். தரவு இருக்கும் படலம் படம் அச்சிட்ட பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது, அந்தப் பக்கம் ஆழமாகக் கீறினால் மீட்க வழியில்லை. பளபளப்புப் பக்கக் கீறலையாவது ஓரளவு மெருகேற்றிச் சரிசெய்யலாம். துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். துடைத்தவுடன் முதல் வேலை நகல் எடுப்பது. சிடியை டிரைவில் வைத்துக்கொண்டே விளையாட நினைக்காதீர்கள்.

நகல் எடுப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். மிஸ்ட், ரிவன், செவன்த் கெஸ்ட் மூன்றுக்கும் சிடியில் உள்ள கோப்புகளை அப்படியே ஒரு ஃபோல்டரில் கொட்டினால் போதும். மங்கி ஐலண்ட்டும் லூமும் அப்படியல்ல. அவற்றின் சிடிப் பதிப்புகள் பாதி கணினி சிடி, பாதி பாட்டு சிடி. மங்கி ஐலண்ட்டின் இசை, சாதாரணப் பாட்டு சிடியில் இருப்பதுபோன்ற ஆடியோ டிராக்குகளாகத்தான் சிடியில் இருக்கிறது. லூமில் இன்னும் விசேஷம்: கதாபாத்திரங்கள் பேசும் ஒலி முழுவதும் ஆடியோ டிராக்காகவே பதிந்திருக்கிறது. கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டால் ஊமைப் படம் கிடைக்கும். சிடியை ஒரே கோப்பாக்கும் ஐஎஸ்ஓ வகை நகலும் ஆடியோ டிராக்குகளைத் தூக்காது. ஆகவே கோப்புகளைத் தனியாக நகலெடுங்கள். பிறகு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற ஒரு மென்பொருளால் பாட்டு சிடியைப் பிரிப்பதுபோல டிராக்குகளை ஃபிளாக் என்ற வகை ஒலிக் கோப்புகளாக எடுத்து அதே ஃபோல்டரில் வையுங்கள். கோப்புக்கு ‘டிராக்’ என்ற சொல்லோடு எண் சேர்த்துப் பெயரிட வேண்டும். எண் எதில் தொடங்க வேண்டும் என்பது ஸ்கம்விஎம் கையேட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஸ்ட்டுக்கு வருவோம். ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்களின் சயான் நிறுவனம் 1993-இல் மேக் கணினியில், ஹைப்பர்கார்ட் என்ற எளிய அட்டை மென்பொருளை வைத்துச் செய்தது. ஒரு தீவு, சுமார் 2,500 அசையாப் படங்கள், இடையிடையே சிறு சிறு வீடியோத் துண்டுகள். 2002-இல் தி சிம்ஸ் முந்தும் வரை உலகில் அதிகம் விற்ற கணினி விளையாட்டு அதுதான். சிடியில் ‘டேட்’ என்று முடியும் கோப்புகளும், ‘க்யூடிடபிள்யூ’ என்ற ஃபோல்டரும் இருக்கும். இரண்டும் வேண்டும், ஃபோல்டரில்தான் வீடியோக்கள். அதே சிடியில் குயிக்டைம் என்ற வீடியோ மென்பொருளின் செட்டப் ஒன்றும் இருக்கும், போட வேண்டாம். ஸ்கம்விஎம் அந்த வீடியோக்களைத் தானே ஓட்டிக்கொள்ளும். விண்டோஸுக்கான குயிக்டைமை ஆப்பிளே 2016-இல் கைவிட்டுவிட்டது, பாதுகாப்பு ஓட்டைகளோடு. சிடியைப் போட்டதும் உள்ளே வெறுமையாகத் தெரிந்தால் அது மேக் பதிப்பாக இருக்கலாம். விண்டோஸுக்கு அந்தக் கோப்பு அமைப்பு புரியாது. அதைப் பிரித்தெடுக்க ஸ்கம்விஎம் குழுவினரே ஒரு தனிக் கருவி வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்தப் பதிப்பு ஓடுமா என்று முதலில் அவர்கள் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிவன் (1997) சிடிகளை அந்தக் காலத்தில் தீவுக்குத் தீவு மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கதை சூடு பிடிக்கும் நேரத்தில் ‘மூன்றாம் சிடியைப் போடு’ என்று நிற்கும். உங்கள் சித்தப்பாவுக்கு நன்றாக நினைவிருக்கும். இப்போது ஐந்து சிடிகளையும் ஒரே ஃபோல்டரில் கொட்டிவிடலாம், ஸ்கம்விஎம் மாற்றச் சொல்லி நிறுத்தாது. ‘ஆர்க்ரிவன்’ என்ற சுருக்கக் கோப்பை விட்டுவிடாதீர்கள்.

செவன்த் கெஸ்ட்டை (ட்ரைலோபைட், 1993) இரண்டு சிடியையும் சேர்த்துக் கொட்டுங்கள். உண்மையைச் சொன்னால் கதையாக அது சுமார்தான். நடிகர்கள் நாடக மேடைபோல் கத்துகிறார்கள். ஆனால் புதிர்கள் தனித்தனி அறையில் தனித்தனிப் புதிராக இருப்பதால் வீட்டில் கூட்டமாக உட்கார்ந்து விளையாட அதுபோல் இன்னொன்று இல்லை. மண்டையோடு, கல்லறை வைத்த கேக்கை ஆறு சமபாகமாகப் பிரிப்பது, சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாமல் நிறுத்துவது, இவற்றுக்கு ஆங்கிலம் வேண்டாம். ஊரில் தாயமும் பல்லாங்குழியும் ஆடிக் கை பழகிய அப்பத்தாமார்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், நீங்கள் பென்சில் தேடுவதற்குள் கேக்கை வெட்டிவிடுவார்கள். சமையலறையில் டப்பாக்களை அடுக்கி வாக்கியம் அமைக்கும் புதிர் மட்டும் ஆங்கிலம் தெரிந்தவருக்கே பல்லை உடைக்கும். வழக்கமான உயிரெழுத்துகளே இல்லாத வாக்கியம் அது. அங்கே வெட்கப்படாமல் விடையைப் பார்த்துக்கொள்ளலாம்.

லூம் எனக்குப் பிடித்தது. பிரையன் மொரியார்டி 1990-இல் செய்தது. பை நிறையப் பொருள் சேர்ப்பதெல்லாம் இல்லை. நெசவாளர் கூட்டத்தில் பிறந்த பையன் கையில் ஒரு நூல்கோல். நான்கு சுரங்களை வாசித்தால் ஒரு மந்திரம். திறக்கும் மந்திரத்தைத் தலைகீழாக வாசித்தால் மூடும். காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர்கள் நெசவுக் கதைக்கு மதிப்புக் கொடுக்காவிட்டால் யார் கொடுப்பது? ஒரு எச்சரிக்கை: சில சுரவரிசைகள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். கேட்டவுடன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வல்லவர் நிலையில் திரையில் சுரத்தின் பெயரே வராது, காதால் பிடிக்க வேண்டும். கர்னாடக சங்கீதம் கற்ற தங்கச்சி யாராவது வீட்டில் இருந்தால் அழையுங்கள்.

இதனால்தான் ஒலியை அலட்சியம் செய்யாதீர்கள் என்கிறேன். சண்டை விளையாட்டில் ஒலி கெட்டால் சுவை குறையும், அவ்வளவுதான். இந்த வகையில் ஒலியே புதிர். மிஸ்ட்டில் சுரங்கப்பாதை வண்டியை எந்தத் திசையில் திருப்புவது என்பது ஒரு ஒலியைக் கேட்டுத்தான் தெரியும்; ஒலி வராவிட்டால் அந்த இடத்தைக் குருட்டாம்போக்கில்தான் கடக்க வேண்டும். ஒலி விட்டு விட்டு வந்தால் முதலில் ப்ளூடூத் இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு வயர் உள்ளதைப் போட்டுப் பாருங்கள். மங்கி ஐலண்ட்டுக்கு ரோலண்ட் எம்டி-32 என்ற 1987-ஆம் ஆண்டு இசைப் பெட்டியைப் போலச் செய்து காட்டும் ஏற்பாடெல்லாம் தேவை என்று யாராவது சொல்வார்கள். உங்களிடம் இருப்பது சிடிப் பதிப்பு. இசை ஏற்கெனவே ஆடியோவாக இருக்கிறது. அந்த வேலை ஃப்ளாப்பிப் பதிப்புக்காரர்களுக்கு.

திரையும் அப்படித்தான். மங்கி ஐலண்ட் 320-க்கு 200 புள்ளிகளில் வரைந்தது, ஆனால் அன்றைய 4-க்கு 3 டியூப் மானிட்டரில் அந்தப் புள்ளிகள் சற்றே உயரமாக நீண்டு தெரியும். உங்கள் லேப்டாப்பில் சதுரப் புள்ளியாகக் காட்டினால் எல்லோரும் குட்டையாக, நிலா முட்டையாகத் தெரிவார்கள். ஸ்கம்விஎம் அமைப்பில் ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ திருத்தம்’ என்பதை டிக் செய்யுங்கள். அகலத் திரை முழுக்க இழுத்து நிரப்பாதீர்கள். இரு ஓரமும் கருப்பாக இருக்கட்டும். படத்தை வழவழப்பாக்கும் ஃபில்டர்களைப் போட்டால் தரையில் கிடக்கும் சின்னச் சாவி கறைபோல் கரைந்துவிடும், பிறகு அதைத் தேடி இரண்டு நாள் அலைய வேண்டும். டியூப் மானிட்டரில்தான் இதன் அழகு என்பது உண்மை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள் கடைகளைப் பார்க்கும்போது, பித்தளை அண்டாவுக்கும் எனாமல் தூக்குக்கும் இருக்கிற மதிப்பில் பத்தில் ஒரு பங்கு அந்த மானிட்டர்களுக்கு இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றும். அவை எல்லாம் எடைக்குப் போய்விட்டன.

டாஸ்பாக்ஸில் உங்களுக்கு ஏன் கருப்புத் திரை? அநேகமாக சிடியைச் சாதாரண ஃபோல்டராக மவுண்ட் செய்திருப்பீர்கள், அதாவது இணைத்திருப்பீர்கள். சிடி வகை என்று சேர்த்துச் சொல்லாவிட்டால், விளையாட்டு ‘சிடி எங்கே’ என்று தேடிக்கொண்டே நிற்கும். நகலாக எடுத்து வைத்த சிடி என்றால் அதற்கென்று ‘ஐஎம்ஜிமவுண்ட்’ (imgmount) கட்டளை தனியாக இருக்கிறது. ஆடியோ டிராக் உள்ள சிடிக்கு ‘க்யூ’ என்று முடியும் கோப்பைக் காட்ட வேண்டும். இரண்டாவது சந்தேகம் வேகம். பழைய நிரல்கள் பல, பிராசஸரின் வேகத்தையே கடிகாரமாக வைத்துக்கொண்டவை. போர்லாண்ட் பாஸ்கலில் எழுதிய சில நிரல்கள் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய கணினிகளில் தொடங்கும்போதே ‘ரன்டைம் பிழை 200’ என்று விழுந்துவிடும். வேகத்தை அளக்கும் வகுத்தலில் விடை பெட்டிக்கு அடங்காமல் வழிந்துவிடுவதுதான் காரணம். டாஸ்பாக்ஸில் கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். லேப்டாப்பில் எஃப்என் விசையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல் எஃப்10. பக்கத்திலேயே எஃப்9 இருக்கிறது, கன்ட்ரோலோடு அதை அழுத்தினால் கேள்வி கேட்காமல் டாஸ்பாக்ஸ் மூடிவிடும். விரலைப் பார்த்து வையுங்கள்.

உங்கள் பட்டியலுக்கு டாஸ்பாக்ஸே வேண்டியதில்லை. ஸ்கம்விஎம் பட்டியலில் இல்லாத டாஸ் விளையாட்டு ஏதாவது அந்த அறையில் இன்னும் கிடைத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்; பழைய 0.74 பதிப்பைவிட டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற கிளைப் பதிப்பு கையாள எளிது. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் விளையாட்டுக்கு ஓடிவிடிஎம் என்ற சிறு கருவி 64 பிட் விண்டோஸிலேயே வேலை செய்கிறது. விண்டோஸ் 95, 98 காலத்து விளையாட்டு அடம்பிடித்தால் 86பாக்ஸில் முழு விண்டோஸ் 98 கணினியையே எழுப்பலாம், ஆனால் அதற்கு அசல் விண்டோஸ் சிடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும். நிறம் சிதறுகிற, திரை மினுக்குகிற டைரக்ட்எக்ஸ் விளையாட்டுகளுக்கு டிஜிவூடூ என்ற இடைக் கோப்பு கைகொடுக்கும்.

சைபீரியா (2002) வேறு கட்டத்து ஆள். அந்தக் காலத்து சிடிகளில் பலவற்றில் திருட்டு நகலைத் தடுக்க சேஃப்டிஸ்க், செக்யூரோம் போன்ற பூட்டுகள் உண்டு. சேஃப்டிஸ்க்குக்கு விண்டோஸின் அடியாழத்தில் ஒரு டிரைவர் தேவை. அந்த டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் விண்டோஸ் 10 அதை ஏற்கவே இல்லை. விண்டோஸ் 7, 8-இலும் 2015-இல் ஒரு அப்டேட் அதை முடக்கியது. ஆகவே அப்படிப்பட்ட அசல் சிடி இருந்தும், அசல் என்பதாலேயே ஓடாது. வேடிக்கைதான். பூட்டை உடைத்த கோப்பை முன்பின் தெரியாத தளத்திலிருந்து இறக்காதீர்கள், வீட்டு பேங்க் வேலை பார்க்கும் அதே லேப்டாப்பில் அதைவிட முட்டாள்தனம் கிடையாது. விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம், ஜிஓஜி தளங்களில் சைபீரியா விற்பனைக்கு இருக்கிறது. ஸ்டீமில் ரூபாயிலேயே விலை. தள்ளுபடி நாளில் வாங்கிவிடுங்கள். ஜிஓஜியில் பூட்டே இருக்காது, இறக்கிய செட்டப்பைப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் விற்கும் பழைய விளையாட்டுகள் பலவற்றுக்குள்ளும் இருப்பது இதே ஸ்கம்விஎம், டாஸ்பாக்ஸ்தான், முன்கூட்டியே அமைத்துத் தருகிறார்கள்.

நகல் எடுப்பது சட்டப்படி சரியா என்று கேட்கலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) 52-ஆம் பிரிவில், முறைப்படி வைத்திருப்பவர் கணினி நிரல் அழிந்துபோகாமல் இருக்கக் காப்புப்படி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. உங்கள் வீட்டு சிடி, உங்கள் நகல், தொல்லையில்லை. ‘கைவிடப்பட்ட விளையாட்டு’ என்று பெயர் போட்டு இலவசமாக இறக்கத் தரும் தளங்கள் வேறு கதை. நிறுவனம் விற்பதை நிறுத்திவிட்டது என்பதால் உரிமை போய்விடுவதில்லை.

புதுப்பித்த பதிப்புகளை வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். மங்கி ஐலண்ட் 2009 பதிப்பில் ஒரே விசையில் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாறலாம், நல்ல ஏற்பாடு. மிஸ்ட் 2021-இல் முழு முப்பரிமாணமாக வந்தது. வேண்டுமென்றால் புதிர் விடைகளை மாற்றிப்போடும் வசதியும் உண்டு. ரிவனும் 2024-இல் அப்படி வந்திருக்கிறது, சில புதிர்களையே மாற்றிவிட்டார்கள். பழைய விடைக் குறிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். இரண்டுக்கும் நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும், சாதாரண லேப்டாப் திணறும். என்னைக் கேட்டால், முதல்முறை விளையாடுபவருக்கு மிஸ்ட்டின் அசையாப் படங்களே மேல். ஒவ்வொரு படத்திலும் கண் நின்று தேடும். நடந்துகொண்டே இருந்தால் தேடுவதில்லை.

விளையாடத் தொடங்கும் முன் அட்டைப் பெட்டிகளை இன்னொரு முறை தடவிப் பாருங்கள். மங்கி ஐலண்ட் ஃப்ளாப்பிப் பதிப்போடு கடற்கொள்ளையர் முகங்களைச் சுழற்றி எண் கண்டுபிடிக்கும் ஒரு அட்டைச் சக்கரம் வந்தது. லூமோடு மந்திரங்களின் புத்தகம் ஒன்று வந்தது, சில பக்கங்களைச் சிவப்புத் தாளை வைத்தால்தான் படிக்க முடியும். அவை இருந்தால் அவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். சித்தப்பா கைப்பட எழுதிய வரைபடம் ஏதாவது உள்ளே செருகியிருந்தால் அதை மட்டும் பார்க்காமல் மூடி வையுங்கள், விடை தெரிந்துவிடும்.

பக்கத்தில் ஒரு நீள நோட்டு கட்டாயம். இந்த விளையாட்டுகள் உங்களுக்காக எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது, தானாகச் சேமிக்கவும் செய்யாது. ஸ்கம்விஎம் இடையிடையே தானாகச் சேமித்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். ஸ்கம்விஎம்மில் கன்ட்ரோல் எஃப்5 அழுத்தினால் சேமிக்கும் பட்டியல் வரும், அரை மணிக்கு ஒரு முறை புதுப் பெயரில் சேமியுங்கள். லூமிலும் மங்கி ஐலண்ட்டிலும் வழி அடைபட்டு நிற்கும் பயம் இல்லை; சியர்ராவின் பழைய விளையாட்டுகளில் முதல் அரை மணியில் எடுக்க மறந்த பொருளுக்காகக் கடைசியில் செத்துப்போவீர்கள். அதுபோல் ஏதாவது அறையில் கிடைத்தால் பழைய சேமிப்புகளை அழிக்காதீர்கள். சிக்கிக்கொண்டால் முழு விடையைப் படித்துவிடாமல் யுஎச்எஸ் வகைக் குறிப்புகளைத் தேடுங்கள். 1988-இலிருந்து இருக்கும் ஏற்பாடு: ஒவ்வொரு கேள்விக்கும் குறிப்பைச் சிறிது சிறிதாகத் திறந்து காட்டும், போதும் என்ற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு எதை ஓட்டுவது என்றால், செவன்த் கெஸ்ட்டை முகப்பு டிவியில் ஹெச்டிஎம்ஐ வயரில் மாட்டி எல்லோரோடும் ஆடுங்கள். சித்தப்பா தனியாக இருக்கும்போது அவர் செல்போனில் ஸ்கம்விஎம் போட்டுக் கொடுங்கள். ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் இருக்கிறது, நீங்கள் எடுத்த அதே மங்கி ஐலண்ட் ஃபோல்டரை நகலெடுத்தால் போதும். ரிவனை இப்போது தொடாதீர்கள். அது விடுமுறை நான்கு நாளில் முடிகிற விளையாட்டல்ல, சித்தப்பா பாதியில் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும்.